ஊமைப் படத்துக்கு ஓசை தந்தவர்கள்

கடந்த தவக்காலத்தில் நம் பங்கின் இளைஞர் சிலர், பகலெல்லாம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக்கும் செக்கிங்கும் பார்த்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் மறைக்கல்வி அறையில் கூடிச் சின்னஞ்சிறு படம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். ஊதாரி மைந்தன் உவமையைக் கணினியில் வரைந்து அசையவிட்ட படம். ஆறு நிமிடம் ஓடக்கூடியது. கதையை அவர்கள் நம் ஊர்ப்பக்கம் கொண்டுவந்திருந்தார்கள். தந்தை ஒரு தறிக்குடோனின் உரிமையாளர். இளைய மகன் தன் பங்கை விற்றுக்கொண்டு பட்டணம் போகிறான். படம் முடிந்த இரவில் நம்மை அழைத்துப் போட்டுக் காட்டினார்கள். அழகாகவே இருந்தது. ஆனால் ஓசை இல்லை. தந்தை ஓடுகிறார், காலடி கேட்கவில்லை. தறி ஓடுகிறது, சத்தம் இல்லை. பன்றிகள் வாயைத் திறக்கின்றன, குரல் இல்லை.

“தொடக்கம் முதல் முடிவு வரை உருக்கமான ஆர்கன் இசை ஒன்றைப் போட்டுவிடுங்கள், போதும்” என்று சொல்லிவிட்டு நாம் உறங்கப் போனோம். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம் என்பது பின்னர்தான் விளங்கிற்று. அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

மனிதரை வைத்து எடுக்கும் படத்தில் ஏதோ ஓர் ஓசை இயல்பாகவே ஒட்டிக்கொண்டு வருகிறது. நடிகர் நடந்தால் தரை ஒலிக்கிறது. கதவைச் சாத்தினால் கதவு ஒலிக்கிறது. வரைந்த படத்துக்கு அந்த வசதி இல்லை. தாளில் வரைந்த ஆட்டுக்குத் தொண்டை கிடையாது. மழையையும் காற்றையும் மூச்சையும் ஒவ்வொன்றாக யாரேனும் உட்கார்ந்து படைத்தாக வேண்டும். அந்த வகையில் பார்த்தால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கு வந்த ஊமைப் படங்கள் எல்லாமே இன்றைய கேலிச்சித்திரப் படத்தின் நிலையில்தான் இருந்தன. அவற்றுக்கு ஓசை கொடுத்தவர் யார், எப்படிக் கொடுத்தார் என்று தேடப் புகுந்தபோது, அந்த வரலாற்றின் முதல் ஏடு நம் கோவைப் பகுதியிலேயே, அதுவும் ஒரு கத்தோலிக்கரின் வாழ்விலேயே தொடங்குவதைக் கண்டு வியந்தோம்.

அவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883இல் கோவையில் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைபடப் பணியாளராக இருந்தார். 1905இல் துய்போன் என்னும் பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியுடன் ஊர் ஊராகச் சுற்றித் திருச்சிக்கு வந்துசேர்ந்தார். வந்த இடத்தில் நோயுற்றார். ஊர் திரும்ப விரும்பிய அவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்தச் சுருள்களில் முதன்மையானது இயேசுவின் வாழ்வைச் சொல்லும் ஊமைப் படம். நிலையான வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார் மனிதர். திருச்சியிலும் சென்னையிலும் தொடங்கிய பயணம், வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும், கிழக்கே இரங்கூன் வரைக்கும் நீண்டது. நாம் குருமடத்தில் மறைப்பரப்புப் பணியின் வரலாற்றை இரண்டு ஆண்டுகள் படித்தோம். எத்தனையோ பேராயர்களின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். துணிக்கூடாரத்தில் ஆண்டவரின் பாடுகளை ஆயிரமாயிரம் மக்களுக்குக் காட்டிய இந்தப் பொதுநிலையினரின் பெயரை ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை.

அக்காலத்துக் கூடாரக் காட்சி மௌனமாக நடந்ததென்று எண்ணிவிடலாகாது. படம்தான் ஊமை; கூடாரம் ஊமையன்று. திரையருகே ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு இசைப்பவர்கள் இருந்தார்கள். அவர்களோடு கதை சொல்பவர் ஒருவர் நின்று, யார் வருகிறார், என்ன சொல்கிறார் என்று உரத்த குரலில் விளக்கிக்கொண்டே போவார். எழுத்தறியாதவரே மிகுந்திருந்த கூட்டத்தில், இடையிடையே தோன்றும் எழுத்துப் பலகைகளால் என்ன பயன்? அந்த விளக்குநரின் குரலே படத்தின் குரல். சண்டையென்றால் தபலா முழங்கும். இறப்பென்றால் ஆர்மோனியம் இழையும். ஒரே படத்துக்கு இன்று ஓர் இசை, நாளை வேறோர் இசை. பின்னணி இசை என்று இன்று நாம் சொல்வதன் தாய்வீடு அதுவே.

கூத்து மேடையும் நாடக மேடையும் அவர்களுக்கு முன்னரே வழி காட்டியிருந்தன. இடி வேண்டுமா, தகரத் தகட்டைப் பிடித்து உலுக்கு. குதிரை வேண்டுமா, இரண்டு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துத் தட்டு. மழை வேண்டுமா, முறத்தில் பயற்றை உருட்டு. திருவழிபாட்டுக்கும் இக்கலை அயலானதன்று என்பதை இங்கே நினைவூட்ட விழைகிறோம். பழைய இலத்தீன் முறையில் புனித வாரத்து இருள் வழிபாட்டில், மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இருட்டில் குருக்கள் தம் நூல்களால் இருக்கைகளைத் தட்டிப் பேரோசை எழுப்புவார்கள். ஆண்டவர் இறந்த வேளையில் நிலம் நடுங்கியதன் நினைவு அது. இன்றும் பெரிய வியாழன் இரவு தொட்டு உயிர்ப்புத் திருவிழிப்பு வரை நாம் மணியை ஒலிக்காமல் மரக்கட்டையைத் தட்டுகிறோம். சிறுவனாயிருந்தபோது அந்தக் கட்டையொலி நம் வயிற்றைக் கலக்கியதை நாம் மறக்கவில்லை. மணி அழகாக ஒலிக்கும். கட்டை வறண்டு ஒலிக்கும். துயரத்துக்கு அந்த வறட்சியே பொருத்தம் என்று அறிந்த யாரோ ஒரு முன்னோர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

ஓசையையும் படத்தையும் இயந்திரத்தால் இணைக்கும் முயற்சியும் நம் மண்ணில் மிக முன்னரே தொடங்கிற்று. சென்னையில் நிழற்படத் தொழில் செய்துவந்த இரகுபதி வெங்கையா, ‘குரோனோ மெகாபோன்’ என்னும் கருவியை முப்பதாயிரம் ரூபாய்க்கு வரவழைத்தார். 1910 வாக்கில் காட்சிகளைத் தொடங்கித் தென்னாடு, இலங்கை, பர்மா எனச் சுற்றினார். படம் காட்டும் பொறியோடு இசைத்தட்டுப் பொறியையும் சேர்த்து ஓட்டுவதே அதன் உத்தி. தட்டு ஓரிடத்தில் துள்ளிவிட்டால் போதும். திரையில் வாய் மூடியிருக்கும், பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்! அந்நாளைய முப்பதாயிரம் ரூபாயை இன்றைய கணக்கில் எண்ணிப் பார்த்தால், ஓசைக்காக ஒரு மனிதர் எவ்வளவு துணிந்தார் என்பது தெரியும்.

வின்சென்ட் 1914இல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ என்ற நிலையான அரங்கைக் கட்டினார். பிற்காலத்தில் அது ‘டிலைட்’ என்று பெயர் மாறியது. அரங்கில் இன்று படம் ஓடவில்லை. ஆயினும் வெரைட்டி ஹால் சாலை என்ற பெயர் நகரின் நடுவே இருக்கிறது. அவிநாசியிலிருந்து கோவைக்குப் போகும் நம் மக்கள் எத்தனையோ பேர் அந்தச் சாலையில் பொருள் வாங்குகிறார்கள். அப்பெயரின் பின்னே ஆண்டவரின் திருப்பாடுகளைத் தோளில் சுமந்து திரிந்த ஒருவர் நிற்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

அந்நாளில் திருச்சபை இக்கலையை ஐயக்கண்ணோடு பார்த்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆலயங்களுக்குள் படம் காட்டலாகாது என்று 1912இல் உரோமையிலிருந்து தடை பிறந்தது. 1936இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் திரைப்படம் பற்றித் தனியொரு சுற்றுமடலே எழுதினார். அதில் எச்சரிக்கையே ஓங்கி ஒலித்தாலும், இக்கலையின் ஆற்றலை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையைத் தந்தபோதுதான் கதவு அகலத் திறந்தது. வின்சென்ட் அதைக் காணவில்லை. அவர் 1942இல் மறைந்தார்.

பேசும் படம் 1931இல் தமிழுக்கு வந்தது. ‘காளிதாஸ்’ பம்பாயில் உருவாகி, அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளிவந்தது. நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. திரை பேசுகிறதே, அது போதாதா? இரண்டே ஆண்டில் வின்சென்டும் படத்தயாரிப்பில் இறங்கி, கல்கத்தாவில் ‘வள்ளி திருமணம்’ எடுத்து 1933இல் வெளியிட்டார். தென்னாட்டில் ஒலிப்பதிவு வசதியுள்ள நிலையம் இல்லாமையால், தமிழ்ப் பேச்சைப் பதிய வங்காளம் வரை போகவேண்டியிருந்தது. அந்தக் குறை 1934இல் நீங்கிற்று. ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீநிவாஸா சினிடோன் நிலையத்தை அமைத்தார். அங்கே ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்தவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியத் திரையுலகின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று போற்றப்படுபவர் அவர். நடிக்கப் பெண்கள் கிடைப்பதே அரிதாயிருந்த காலம் அது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ‘மறுபடி எடுங்கள்’ என்று ஆடவரை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஒரு பெண்ணிடம் இருந்தது என்பதை நம் மாதர் சங்கத்தில் சொன்னபோது, பலரும் நம்ப மறுத்தார்கள்.

அக்காலத்து ஒலிப்பதிவு இன்று நினைத்தாலும் மலைப்புத் தருகிறது. படமும் பேச்சும் பாட்டும் ஒரே வேளையில் பதிவாக வேண்டும். நாயகி மரத்தடியில் நின்று பாடினால், பிடில்காரரும் மிருதங்கக்காரரும் அதே மரத்தின் மறுபுறத்தில் ஒளிந்திருந்து வாசிப்பார்கள். நாயகி நகர்ந்தால் அவர்களும் கருவியைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டும். சூரிய ஒளியை நம்பித் திறந்தவெளியில் எடுத்தபடியால் காகங்கள் பெரும்பகை. ஒரு காகம் கரைந்தால் முழுப் பாட்டும் வீண்; அதனால் காகம் விரட்டவே ஆள் வைத்தார்கள். ஊமைப் படக் காலத்தில் கைப்பிடியைச் சுற்றி ஏறத்தாழ மனம்போன வேகத்தில் ஓட்டிய படத்தை, ஒலி வந்தபின் நொடிக்கு 24 சட்டம் என்று கட்டிப்போட நேர்ந்ததும் ஓசையின் பொருட்டே. கை சற்றே தளர்ந்தால் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. குரல் உடனே கட்டைக்குரலாகிவிடும்.

1938இல் ஏவி.எம். ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் நடிக்க வேறொருவர் பாடும் பின்னணிப் பாட்டு முறை தமிழுக்கு வந்தது. படத்திலிருந்து ஒலி விடுதலை பெற்ற தருணம் அது. இசைக்குழு மரத்தின் பின்னிருந்து வெளியே வந்து, தனி அறையில் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

கோவை அதே காலத்தில் ஒலியின் நகரமாகிவிட்டிருந்தது. பஞ்சாலை கொண்டுவந்த செல்வமும் பைக்காராவின் மின்சாரமும் இருந்த ஊரில் சினிமா நிலையம் எழுந்ததில் வியப்பில்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் சென்ட்ரல் ஸ்டூடியோ உருவாயிற்று. வின்சென்டும் அதன் தொடக்கத்தில் பங்குகொண்டவர். முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்த ‘துக்காராம்’ 1938இல் அங்கிருந்து வந்தது. 1944இல் வெளிவந்து சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ அங்கேதான் எடுக்கப்பட்டது. எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு பின்னர் பட்சிராஜா நிலையத்தைத் தொடங்கினார். அங்கு உருவான ‘மலைக்கள்ளன்’ 1954ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவர் விருதைப் பெற்றது. அதற்கு இசை எஸ். எம். சுப்பையா நாயுடு. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட இசைக்குழுவே இந்நிலையங்களில் இருந்தது. காலையில் மில் சங்கு ஊதினால் ஆலைத் தொழிலாளி ஆலைக்குப் போவான். வயலின்காரர் ஸ்டூடியோவுக்குப் போவார்.

அந்தச் சென்ட்ரல் ஸ்டூடியோவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பதுண்டு. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஏழைச் சிறுவன் அங்கே எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தான். ‘அபிமன்யு’ (1948) படத்தின் பாட்டொன்றுக்கு மெட்டு அமையாமல் சுப்பையா நாயுடு தவித்தபோது, அவர் இல்லாத வேளையில் சிறுவன் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டைப் போட்டுப் பார்த்தான். ஒட்டுக்கேட்ட நாயுடு அம்மெட்டையே எடுத்துக்கொண்டார். நீ போட்டது என்று தெரிந்தால் தள்ளிவிடுவார்கள், ஆகவே வாய் திறவாதே என்றும் சொன்னார். பின்னர் நிறுவனம் சென்னைக்குப் பெயர்ந்தபோது, உண்மையைச் சொல்லிச் சிறுவனுக்கு வாழ்வு தேடிக் கொடுத்தவரும் அதே நாயுடுதான். அச்சிறுவனே எம். எஸ். விசுவநாதன். முதுமையில் அவரே இதைக் கண்கலங்கச் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெயரை மறைத்ததும் அவரே, பெயரை வெளியிட்டதும் அவரே! நாயுடுவை எந்தத் தட்டில் நிறுப்பது என்று நமக்குத் தெரியவில்லை. ஆனால் யாரும் பெயர் சொல்லாமலே போய்விட்ட எடுபிடிகள், தகரத்தை உலுக்கியவர்கள், காகம் விரட்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

இதே காலத்தில் வெளியுலகில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1928 நவம்பரில் நியூயார்க்கில் வால்ட் டிஸ்னி ‘ஸ்டீம்போட் வில்லி’ என்ற கேலிச்சித்திரப் படத்தை வெளியிட்டார். எலி சீழ்க்கை அடிக்கிறது. ஆட்டின் வாலைச் சுழற்றினால் பாட்டு வருகிறது. மாட்டின் பற்களே இசைக்கருவியாகின்றன. முதல்முறை பதிந்தபோது இசைக்குழுவால் படத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, பணமும் போயிற்று. தாளத்தைக் காட்டும் துள்ளுகிற புள்ளி ஒன்றைப் படச்சுருளிலேயே வரைந்து, அதைப் பார்த்து வாசிக்கச் செய்து இரண்டாம் முறை வென்றார்கள். பிறகு கார்ல் ஸ்டாலிங் என்பவர் காதில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் தாளத்தைக் கேட்டபடியே இசைக்கும் முறையைக் கொண்டுவந்தார். கணக்கு எளிதானது. நொடிக்கு 24 சட்டம். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், 12 சட்டத்துக்கு ஒரு தட்டு. எலியின் கால் பன்னிரண்டாவது சட்டத்தில் தரையில் பட்டால், முரசும் அங்கே விழும். நம் நட்டுவனார் சலங்கைக்கும் தாளத்துக்கும் போடும் கணக்குக்கு இது உறவுதான்.

காலடிக்கும் கதவுக்கும் ஆடையின் சரசரப்புக்கும் தனியே ஓசை படைக்கும் வேலைக்கு உலகமெங்கும் ‘ஃபோலி’ என்றே பெயர். யூனிவர்சல் நிலையத்தில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயர் அது. திரையைப் பார்த்தபடியே நடிகர் நடக்கும்போது அவரும் நடப்பார். அத்தனை ஆண்டுக்கால உழைப்பில் அவர் பெயர் பெரும்பாலும் திரையில் வரவேயில்லை. இன்றோ அத்தொழிலே அவர் பெயரால் வழங்குகிறது. நம் கோடம்பாக்கத்தில் இக்கலைக்கு ‘எஃபெக்ட்ஸ்’ என்று பெயர். விசுவநாதனின் குழுவில் சதன் என்ற கலைஞர் பறவைகளையும் விலங்குகளையும் தம் தொண்டையிலிருந்தே வரவழைத்தார். பாட்டின் நடுவே குருவி கூவினால், அது குருவியன்று, சதன் என்று தெரிந்துகொண்டவர் சிலரே.

வானொலியில் ஞாயிறுதோறும் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. படத்தைப் பாராமல் ஒலியை மட்டும் ஒரு மணி நேரம் கேட்போம். கதவு கிறீச்சிட்டால் யார் வந்தார் என்று அம்மா சொல்வார். அப்படியானால் படத்தின் பாதி எங்கே இருந்தது?

கணினி வந்தபின் நிலை தலைகீழாயிற்று. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டு அறையையே ஒலிக்கூடமாக்கியிருந்தார். 1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியோடு வந்தது. வரைந்த உருவங்கள் நம் படங்களில் அரிதாகவே தலைகாட்டின. 1989இல் ‘ராஜா சின்ன ரோஜா’வில் இரஜினிகாந்தோடு வரைந்த விலங்குகள் ஆடின, 2007இல் ‘இனிமே நாங்கதான்’ முழுநீள அசைபடமாக வந்து, இளையராஜாவின் இசையைப் பெற்றது, 2014இல் ‘கோச்சடையான்’. இவற்றின் வெற்றி தோல்வியை நாம் ஆராயப் புகவில்லை. இன்று ஒரு மடிக்கணினியும் நல்ல ஒலிவாங்கியும் இருந்தால், ஒரு பனியன் தொழிலாளியின் மகன் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இவ்வேலையைச் செய்யலாம். செய்கிறான். அதற்குச் சான்று நம் மறைக்கல்வி அறை.

அங்கேதான் ஓர் இடர். ஆயிரக்கணக்கான ஓசைகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. மழை என்று தட்டினால் நூறு மழை. நாய் என்றால் இருநூறு நாய். எந்த நாட்டு மழை, எந்தத் தெருவின் நாய் என்று யாரும் கேட்பதில்லை. நம் இளைஞர்களும் அவ்வாறே ஒரு தறியோசையை எடுத்துப் படத்தில் சேர்த்திருந்தார்கள். நாம் சொன்ன ஆர்கன் இசையும் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

பங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். நாற்பது ஐம்பது தறிகள் ஒருசேர அடிக்கும் குடோனில் வாழ்நாளைக் கழித்தால் செவி என்னாகும் என்பதை நம் பகுதி மருத்துவர்கள் அறிவார்கள். அருகில் போய் உரக்கச் சொன்னாலன்றி அவருக்கு எதுவும் கேட்காது. பூசையில் நம் மறையுரை அவருக்குக் கேட்பதில்லை. ஆனாலும் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. அவருடைய பேரன் படக்குழுவில் ஒருவன். படத்தை அவருக்குக் காட்ட ஒருநாள் கூட்டி வந்தான். பெரியவர் நாற்காலியை ஒலிபெருக்கிப் பெட்டியருகே இழுத்துப் போட்டு, பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பார்த்தார். தறிக்குடோன் காட்சி வந்ததும் தலையை ஆட்டினார்.

“இது நம்மூருத் தறி இல்லீங்க, சாமி. நாடா போறதே இல்லீங்களே. ரெண்டு அடி இருக்கோணுமுங்க. இதுல ஒண்ணுதான் இருக்குது.”

இளைஞர்கள் சரிபார்த்தார்கள். அவர் சொன்னது உண்மை. அவர்கள் எடுத்தது ஏதோ ஒரு வெளிநாட்டு ஆலையின் நாடா இல்லாத் தறி. நம் ஊர்த் தறியில் நாடாவை அடித்து எறியும் ஓசை ஒன்று, பண்ணை வந்து மோதும் ஓசை மற்றொன்று. காதால் கேட்டவர்களுக்குத் தெரியாதது, கேட்க இயலாதவரின் கைக்குத் தெரிந்தது. அவர் செவியைத் தின்ற ஓசை அது. அவரிடம் வேறு யார் பாடம் சொல்ல முடியும்? நாம் சொன்ன ஆர்கன் இசையை நீக்கிவிடுமாறு நாமே கேட்டுக்கொண்டோம்.

மறுவாரம் ஒரு பழைய குடோனில் உரிமையாளரின் இசைவோடு தறியைப் பதிந்தார்கள். தந்தை ஓடும் காலடிக்கு ஒருவன் தோல்செருப்பு மாட்டிக்கொண்டு செம்மண் தரையில் ஓடினான். அவன் ஒடிசாவிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன். ஊரில் தந்தையைப் பார்த்து இரண்டு ஆண்டாயிற்றாம். அவன் ஓடியதைப் போல மற்றவர்களால் ஓட முடியவில்லை. இளைய மகனுக்குப் போர்த்தும் புத்தாடையின் சரசரப்புக்குக் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட் கைகொடுத்தது.

எஞ்சியது மூத்த மகன் காட்சி. லூக்கா இவ்வுவமையை ஒலிக்கலைஞரின் செவியோடு எழுதியிருக்கிறார் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. மூத்தவன் வயலிலிருந்து வருகிறான்; விருந்தை அவன் காணவில்லை; வீட்டை நெருங்கும்போது ஆடல் பாடல் ஒலியைக் கேட்கிறான். அவ்வளவுதான். அவனுடைய கசப்பு காதின் வழியாகவே நுழைகிறது. நம் அவிநாசியின் பழங்கதையிலும் இதே காட்சி உண்டு. திருப்புக்கொளியூர் என்று அந்நாளில் வழங்கிய இவ்வூரின் வீதியில் சுந்தரர் வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை ஒலி. ஒரே வயதுச் சிறுவர் இருவர். ஒருவனுக்குப் பூணூல் விழா, மற்றவனை முதலை விழுங்கி ஆண்டுகள் ஆயின. அழுகையைக் கேட்டுத்தான் அவர் நிற்கிறார். தாமரைக் குளக்கரையில் பின்னர் நடந்த அற்புதத்தை இவ்வூரில் எச்சமயத்தாரும் அறிவர். அந்த இரண்டு ஒலிகளும் இல்லையேல் அக்கதை தொடங்கியே இராது.

வெளியே நிற்பவன் காதில் விழும் விருந்தோசையை எப்படிப் பதிவது? அமெரிக்காவில் வால்டர் மர்ச் என்னும் ஒலி வல்லுநர் 1973இல் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்துக்குச் செய்த முறையை இளைஞர்கள் படித்திருந்தார்கள். இசையை ஓர் இடத்தில் ஒலிக்கவிட்டு, தொலைவில் நின்று மறுபடி பதிவதே அது. சுவரும் காற்றும் தம் வேலையைச் செய்துவிடும். நம் கொங்கு நாட்டு ஜமாப் மேளத்தை ஒலிபெருக்கியில் போட்டு ஆலயக் கூடத்தின் கதவை அடைத்துவிட்டு, அவர்கள் ஒலிவாங்கியோடு சாலையோரம் போய் நின்றார்கள். நாமும் கூடப் போனோம்.

மணி ஒன்று ஆயிற்று. கோவைப் பேருந்து ஒன்று இரைந்து போயிற்று. அது போனதும் நைட் ஷிப்ட் முடிந்த ஆட்களை ஏற்றிய வேன். பின்னர் சரக்கு லாரி. ஒவ்வொரு முறையும் பேரன் கையை உயர்த்துவான், இறக்குவான். பெரியவரும் உறங்காமல் வந்து மைல்கல்லின் மேல் அமர்ந்திருந்தார். சாலை ஓய்ந்ததா என்று பேரனின் முகத்தைப் பார்ப்பார். இரண்டே காலுக்கு எல்லா ஓசையும் அடங்கிற்று. பேரன் விரலை உதட்டில் வைத்து, ஒலிவாங்கியை ஆலயத்தின் பக்கம் திருப்பினான்.